60இல் வந்து 40 அடியில் நிறுத்தும் மகாராஜாக்களின் கவனத்துக்கு: ஏபிஎஸ் தேவையா?

கணக்குப்பிள்ளை:
நம் மன்றத்தில் டயர் பற்றிய இழையில் நேற்று ராத்திரி நம் பழைய கிளட்ச் அண்ணன், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிச் சறுக்காமல் தடுக்கும் கருவி) பற்றி ஒரு முத்து உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறார். அப்படியே எடுத்துப் போடுகிறேன்: "ஏபிஎஸ் என்பது பிரேக் பிடிக்கத் தெரியாதவர்களுக்கான நடைவண்டி. நான் ஆர்எக்ஸ் 100இல் 60 வேகத்தில் வந்தாலும் 40 அடியில் நிறுத்துவேன். அதுவும் டிரம் பிரேக்கில். ஒரு தடவைகூட வீல் லாக் ஆனதில்லை."

அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். டயர் கேட்ட பையன் பாவம் என்று தனி இழை தொடங்குகிறேன்.

60 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். 40 அடி என்பது 12.2 மீட்டர். இந்தத் தூரத்துக்குள் நிற்க வேண்டுமானால் புவியீர்ப்பு முடுக்கத்தைவிட 16 சதவீதம் கூடுதலாக வேகத்தைக் குறைக்க வேண்டும். காய்ந்த தார் ரோட்டில் தெருவில் ஓடும் டயருக்கு புவியீர்ப்பில் 0.8 மடங்கு கிடைத்தாலே பெரிய விஷயம். அந்தக் கணக்கில் 58 அடி வருகிறது. 1.16க்குப் போவதற்குள் பின் சக்கரம் எழுந்து அண்ணனின் தோளைத் தட்டியிருக்கும்.

அண்ணன் ஓட்டுவது ஆர்எக்ஸ் 100ஆ, பின்னால் பாராசூட் கட்டிய போர் விமானமா?

பழைய கிளட்ச்:
தம்பி, கால்குலேட்டருக்கு இரண்டு சக்கரம் மாட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறாயா? 1994இல் வாங்கிய வண்டி. இன்றைக்கும் ஒரே கிக். 40 அடி என்றால் 40 அடிதான். எங்கள் தெருவில் நானே அடி வைத்து அளந்திருக்கிறேன்.

பிரேக் விரலில் இருக்கிறது. முன் பிரேக்கை லேசாகத் தொட்டு, கனம் முன்னால் வந்து உட்கார்ந்ததும் அழுத்த வேண்டும். பின் பிரேக் துணைக்கு. கூடவே கியரைக் குறைக்க வேண்டும். இது கைக்கு வர எனக்கு எத்தனையோ வருஷம் ஆனது. எல்லாவற்றையும் ஏபிஎஸ் பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று பழகிய பிள்ளைகள், பெட்டி கெட்டுப்போன அன்றைக்கு என்ன செய்வார்கள்?

இன்னொன்று. மோட்டோ ஜிபி பைக் பந்தயத்தில் ஏபிஎஸ் கூடாது என்று விதியே இருக்கிறது. உலகத்தில் நன்றாக ஓட்டுகிறவன் வண்டியில் இல்லாத சாமான் பால்காரர் வண்டிக்கு எதற்கு?

கணக்குப்பிள்ளை:
அடி வைத்து அளந்தாராம்! செருப்பு என்ன சைஸ் அண்ணே?

மோட்டோ ஜிபிக்கு வருகிறேன். அங்கே ஏபிஎஸ் இல்லை, சரி. பின் சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்ஷன் கண்ட்ரோல் இருக்கிறதே, அதை ஏன் சொல்லவில்லை? 2016 முதல் எல்லா வண்டிக்கும் ஒரே கணினி, ஒரே மென்பொருள். "கருவி வேண்டாம், விரலே போதும்" என்று அங்கே யாரும் ஓட்டவில்லை. தவிர, அந்தப் பாதையில் ஒவ்வொரு வளைவிலும் எங்கே பிரேக் தொட வேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். குறுக்கே ஆட்டுக்குட்டி வராது. ரோட்டில் கொள்ளுச் செடியைப் பரப்பி, வருகிற போகிற வண்டி மிதித்துக் கொடுக்கட்டும் என்று விட்டிருக்க மாட்டார்கள். தவறினால் சறுக்கிப் போக ஜல்லித் திடல் இருக்கிறது. நமக்கு இருப்பது எதிரே வரும் டவுன் பஸ்.

சக்கரத்தில் ஒரு பல் வளையம், அதை எண்ண ஒரு சென்சார். வண்டியைவிடச் சக்கரத்தின் வேகம் சட்டென்று குறைகிறது என்று தெரிந்தால் ஏபிஎஸ் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை ஒரு கணம் விட்டு மறுபடி கொடுக்கும். நொடிக்குப் பல தடவை. லீவரில் படபடவென்று அடிப்பது அதுதான். அண்ணனின் விரல் வீணை வாசிக்கும் விரலாகவே இருக்கட்டும். இருட்டில் ஆடு பாயும்போது அது வீணை வாசிக்காது, கப்பென்று இறுக்கும். ஏபிஎஸ் அந்த ஒரு நொடிக்குத்தான்.

மறுபடி கேட்கிறேன். 40 அடி எப்படி?

சாம்பார் சாதம்:
ஊறுகாயோடு உட்கார்ந்துவிட்டேன். தொடரவும்.

கொண்டைஊசி 70:
இருவரும் 40 அடியை விட்டுவிட்டுக் கொஞ்சம் மலைக்கு வாருங்கள். மாதம் இருமுறை காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறி இறங்குகிறவன் நான். 70 கொண்டைஊசி. என் அனுபவத்தில் முன் சக்கரத்துக்கு ஏபிஎஸ் கட்டாயம் வேண்டும், பின் சக்கரத்துக்கு அதை அணைத்து வைக்க வசதி வேண்டும். உதிரி ஜல்லியிலும் மண்ணிலும் பின் சக்கரம் கொஞ்சம் பூட்டிக்கொண்டால்தான் மண்ணைக் குவித்து நிற்கும். ஏபிஎஸ் விட்டுவிட்டுப் பிடித்தால் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனில் 2020 முதல் பின் ஏபிஎஸ்ஸை அணைக்கப் பொத்தான் வைத்தது சும்மா இல்லை.

வளைவில் சாய்ந்திருக்கும்போது சாதாரண ஏபிஎஸ் முழுசாகக் காப்பாற்றாது என்பதையும் சொல்லுங்கள். அதற்குச் சாய்வை அளக்கும் சென்சார் தனியாக வேண்டும். 2014 மாடல் கேடிஎம் 1190 அட்வென்சரில் வந்தது. நம் ஊரில் பெரும்பாலான வண்டிகளில் அது கிடையாது. நேர் ரோட்டுக் கணக்கை மலைக்குக் கொண்டுவராதீர்கள்.

பழைய கிளட்ச்:
பார்த்தாயா? மலை ஓட்டுகிறவரே சொல்கிறார், ஏபிஎஸ் வைத்தால் வண்டி நிற்காது என்று.

கொண்டைஊசி 70:
நான் அப்படிச் சொல்லவில்லை. முன் சக்கரத்துக்குக் கட்டாயம் வேண்டும் என்றுதான் என் பதிவில் இருக்கிறது.

பழைய கிளட்ச்:
என் அக்கா மகன் ஏபிஎஸ் வண்டிதான் வைத்திருக்கிறான். எம்-சாண்ட் லாரி சிந்திவிட்டுப் போன இடத்தில் பிரேக் பிடித்தான். நிற்கவே இல்லை. நேரே போய் வைக்கோல் போரில் இறங்கினான். நான் அதே இடத்தில் 40 அடியில் நிறுத்தியிருப்பேன்.

கணக்குப்பிள்ளை:
இப்போது மணலிலும் 40 அடியா! காய்ந்த தாரில் 40, மணலில் 40. மழையில் எவ்வளவு அண்ணே? அதுவும் 40தானா? ரேஷன் கடை எடைக்கல் மாதிரி எதை வைத்தாலும் ஒரே அளவு காட்டுகிறதே.

மருமகன் வைக்கோல் போரில் இறங்கினான் என்றால், நிமிர்ந்தபடி இறங்கினான் என்று அர்த்தம். முன் சக்கரம் பூட்டியிருந்தால் மணலிலேயே படுத்திருப்பான். நீங்களே சாட்சி சொல்லிவிட்டு எதிர்க்கட்சியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உதிரி மணலில் நிற்கும் தூரம் கூடலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காருக்கும் பைக்குக்கும் வித்தியாசம் இருக்கிறது. கார் சக்கரம் பூட்டினால் கார் சறுக்கும். பைக்கின் முன் சக்கரம் பூட்டினால் பைக்கே இருக்காது, நீங்களும் ரோடும்தான் மிச்சம்.

ஓசூர் ஸ்பேனர்:
இருபது வருஷமாக வண்டி பிரிக்கிறவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. பெட்டி கெட்டால் பிரேக்கே போய்விடும் என்பது தப்பு. ஏபிஎஸ் செத்தாலும் சாதாரண பிரேக் வேலை செய்யும், மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும், அவ்வளவுதான். என்னிடம் வருகிற ஏபிஎஸ் புகாரில் பாதி பங்க்சர் கடையில் ஆரம்பித்தது. வீலைக் கழற்றும்போது பல் வளையத்தை வளைத்துவிடுவார்கள், அல்லது சென்சார் ஒயரை இழுத்துவிடுவார்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்றால் யாரும் கேட்பதில்லை. காபி டிகாக்ஷன் நிறத்தில் ஆயிலை வைத்துக்கொண்டு ஏபிஎஸ் சரியில்லை என்கிறார்கள். பெட்டி போனால் விலை கொஞ்சம் வலிக்கும், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

பழைய கிளட்ச்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். விற்கும்போது ஒரு விலை, கெட்டால் ஒரு விலை. இது கம்பெனிக்காரன் வியாபாரம். 18 குதிரைசக்தி ஆர்15 வண்டிக்கு டிராக்ஷன் கண்ட்ரோல் வைத்திருக்கிறான்! அதில் பின் சக்கரம் சுழன்று நான் பார்த்ததே இல்லை. நாளைக்கு ஸ்டாண்டு போட ஒரு சென்சார், ஹாரன் அடிக்க ஒரு சென்சார்.

ஓசூர் ஸ்பேனர்:
சைடு ஸ்டாண்டு சென்சார் ஏற்கெனவே வந்துவிட்டது அண்ணே. ஸ்டாண்டு எடுக்காமல் கியர் போட்டால் வண்டி அணைந்துவிடும்.

பழைய கிளட்ச்:
பார்த்தாயா!

செவ்வந்தி:
எல்லோரும் பெரிய வண்டி பற்றியே பேசுகிறீர்கள். நான் ஓட்டுவது 110 சிசி ஸ்கூட்டர். 125க்கு மேல் ஏபிஎஸ், அதற்குக் கீழே இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் இருந்தாலும் போதும் என்பதுதான் 2019 ஏப்ரலில் எல்லாப் புது வண்டிக்கும் வந்த விதி. பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போவது, காய்கறிப் பை, மேம்பாலத்தில் நனைந்த இரும்பு இணைப்பு, முதல் மழையில் மிதக்கும் எண்ணெய், எல்லாம் எங்களுக்குத்தான். போன ஐப்பசியில் சிக்னலில் வெள்ளைக் கோட்டின் மேல் பிரேக் பிடித்து முழங்கை பெயர்ந்தது. வேகம் 25கூட இருக்காது. சிபிஎஸ் பிரேக்கைப் பங்கு போடுமே தவிர பூட்டாமல் தடுக்காது. 2025 ஜூனில் மத்திய அரசு விட்ட வரைவில் சின்ன வண்டிக்கும் ஏபிஎஸ் என்று இருந்ததைப் பார்த்து நிம்மதியாக இருந்தது. அதைப் பற்றி யாராவது பேசலாமா?

அப்புறம் ஒரு சின்ன சந்தேகம். பழைய கிளட்ச் "அடி வைத்து அளந்தேன்" என்கிறாரே, எட்டு வைத்து நடந்தா, அல்லது ஒரு காலின் விரல் நுனியில் மறுகாலின் குதிகாலை ஒட்டி வைத்தா? எட்டு என்றால் 40 எட்டு நூறு அடியாவது வரும். அதில் நானும் நிறுத்துவேன்.

பழைய கிளட்ச்:
சார், வெள்ளைக் கோட்டின் மேல் முன் பிரேக் பிடிக்கக் கூடாது என்பது பாலபாடம். அதற்கு எதற்கு 2025 வரைவு?

செவ்வந்தி:
நான் சார் இல்லை. என்னிடம் முன் பிரேக் மட்டும் பிடிக்கும் வழக்கமும் இல்லை. மேலே எழுதியதை இன்னொரு தடவை படித்துவிட்டு வாருங்கள்.

பழைய கிளட்ச்:
சகோதரி என்று தெரியாது, மன்னிக்கவும். சகோதரி, பிரேக் பிடிக்கும்போது பதற்றப்படக் கூடாது. முதலில் ஆக்ஸிலேட்டரை விட வேண்டும்...

செவ்வந்தி:
சார் என்று நினைத்த வரைக்கும் பாலபாடம் ஒரு வரி. சகோதரி ஆனதும் ஆக்ஸிலேட்டரிலிருந்து ஆரம்பமா? பதினாறு வருஷமாக ஓட்டுகிறேன் அண்ணா.

சாம்பார் சாதம்:
முதல் விக்கெட்.

தமிழ்ச்சக்கரம்:
நல்ல விவாதம். ஆனால் ஏபிஎஸ், ஏபிஎஸ் என்று எத்தனை காலம்? பூட்டாநிறுத்தி என்று அழகாகச் சொல்லலாமே.

கணக்குப்பிள்ளை:
பூட்டாத நிறுத்தி என்றால் பூட்டுப் போடாமல் நிறுத்திவிட்டுப் போன வண்டி. திருடன்தான் சந்தோஷப்படுவான்.

தமிழ்ச்சக்கரம்:
கிண்டல் செய்யத் தெரிகிறது, தமிழில் ஒரு சொல் உண்டாக்கத் தெரியவில்லை. பிரேக் என்பதற்குத் தடை என்ற சொல் இல்லையா? பூட்டாத்தடை என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

ஓசூர் ஸ்பேனர்:
கடைக்கு வந்து பூட்டாத்தடை வேலை செய்யவில்லை என்று சொல்லிப் பாருங்கள். பூட்டுக்குச் சாவி செய்பவரைக் காட்டிவிடுவேன்.

கணக்குப்பிள்ளை:
இழையை எங்கேயோ இழுத்துப் போகிறீர்கள். 2022இல் நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் 44.5 சதவீதம் இருசக்கர வண்டியில் போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 சாவு, உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து நாம்தான். விபத்துகளின் எண்ணிக்கையில் நாமே முதல், 64,105. இத்தனை பேருக்கும் விரல் சரியில்லையா?

அமெரிக்காவில் ஐஐஎச்எஸ் என்ற சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு ஒரே மாடலில் ஏபிஎஸ் வைத்த வண்டியையும் வைக்காத வண்டியையும் ஒப்பிட்டது. உயிர் போகும் விபத்து ஏபிஎஸ் வண்டிகளில் 22 சதவீதம் குறைவு, 2021 கணக்கு. 40 அடி மாதிரி தெருவில் அளந்தது இல்லை.

பழைய கிளட்ச்:
நானும் தேடிப் படித்தேன். அதே அமைப்பு முன்பு 37 சதவீதம் என்றது. அப்புறம் 31. இப்போது 22. இன்னும் நாலு தடவை எண்ணினால் சைபர் ஆகிவிடும்போல. அந்த அமைப்புக்குப் பணம் கொடுப்பவர்கள் காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் என்பதை ஏன் சொல்லவில்லை?

இன்னொரு விஷயம். கூடுதல் காசு கொடுத்து ஏபிஎஸ் வாங்குகிறவன் ஏற்கெனவே ஜாக்கிரதையானவன். அவன் ஏபிஎஸ் இல்லாமல் ஓட்டினாலும் சாக மாட்டான். நீ புகழ வேண்டியது பெட்டியை இல்லை, அவன் புத்தியை.

அந்த 2022 அறிக்கையிலேயே ஹெல்மெட் போடாமல் செத்தவர்கள் 50,029 பேர் என்று இருக்கிறது. முதலில் அதைப் பேசு.

கணக்குப்பிள்ளை:
காப்பீட்டுக் கம்பெனிக்கு விபத்து குறைந்தால்தான் லாபம். ஏபிஎஸ் விற்றால் அதற்கு என்ன கமிஷன்? வருஷம் கூடக் கூட வண்டி எண்ணிக்கையும் கூடும், கணக்கும் திருந்தும். திருத்திக்கொள்வதுதான் ஆய்வு. 40 அடிதான் 1994இலிருந்து ஒரு அங்குலம்கூடத் திருந்தவில்லை.

ஜாக்கிரதையானவன் வாதம் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. ஆனால் அது உங்கள் வாதம் என்பதால் அதற்கு இன்றைக்குப் பதில் சொல்லும் எண்ணம் இல்லை.

ஹெல்மெட்டா? உங்கள் முகப்புப் படத்தில் ஹெல்மெட் பெட்ரோல் டேங்கின் மேல் இருக்கிறது அண்ணே. டேங்குக்குத் தலைவலியா?

பழைய கிளட்ச்:
படம் எடுப்பதற்காகக் கழற்றினேன். நீ தனிப்பட்ட முறையில் பேசுகிறாய். இவன் இப்படித்தான். சங்கிலிக்கு டீசல் ஊற்றிக் கழுவலாமா என்ற இழையிலும் இதே மாதிரி எட்டுப் பக்கம் என்னைத் துரத்தினான். கடைசியில் என்ன ஆயிற்று? எல்லோரும் டீசல்தான் ஊற்றுகிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
மண்ணெண்ணெய் நல்லது என்றுதான் அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கும் சொல்கிறேன். டீசல் பிசுக்கு போகாது.

ஓசூர் ஸ்பேனர்:
மண்ணெண்ணெய்க்கு இப்போது எங்கே போவது? டீசல்தான்.

கொண்டைஊசி 70:
சங்கிலியா? நான் பின் ஏபிஎஸ் பற்றிக் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

புல்லட் பேரன்:
எங்கள் தாத்தாவின் பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அதை ஓட்டிப் பழகியவர்களுக்கு எந்த ஏபிஎஸ்ஸும் தேவைப்படவில்லை. முடிந்தால் அதை 40 அடியில் நிறுத்திக் காட்டட்டும்.

பழைய கிளட்ச்:
புல்லட்டையெல்லாம் ஆர்எக்ஸோடு சேர்க்காதே. அது நிற்பதற்குள் நான் டீ குடித்துவிட்டுக் கிளாஸைக் கழுவி வைத்துவிடுவேன்.

புல்லட் பேரன்:
இரண்டு வண்டியிலும் பிரேக் டிரம்தான். எங்கள் வண்டி கனம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டீக்கடை வரைக்கும் போக உங்கள் வண்டிக்கு முதலில் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டுமே?

பழைய கிளட்ச்:
ஆர்எக்ஸுக்கு ஆயில் டேங்க் தனி. அதுவே கலந்துகொள்ளும். தெரியாமல் பேசாதே.

கணக்குப்பிள்ளை:
ஆஹா! ஆயிலைத் தானே கலக்கும் கருவி ஆகும், பிரேக்கைத் தானே விடும் கருவி ஆகாதா? நியாயமாகப் பார்த்தால் அண்ணன் தினமும் காலையில் அளந்து ஊற்றி விரலால் கலக்கியிருக்க வேண்டும்.

சாம்பார் சாதம்:
இது நல்ல அடி. 40இல் ஒன்று கழிந்தது.

பழைய கிளட்ச்:
அது வேறு, இது வேறு.

நடத்துநர்:
தனிநபர் தாக்குதல் வேண்டாம். முகப்புப் படம், செருப்பு, டேங்கின் தலைவலி பற்றி இனி எழுதினால் பதிவு நீக்கப்படும். தலைப்புக்குள் பேசவும்.

கணக்குப்பிள்ளை:
தலைப்பிலேயே 40 அடி இருக்கிறது ஐயா. தலைப்புக்குள்தான் பேசுகிறேன். ஒரே வழிதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, பைபாஸுக்குப் பக்கத்தில் மனை பிரித்துப் போட்டு விற்காமல் கிடக்கும் லேஅவுட் ரோட்டுக்கு வரட்டும். அங்கே போக்குவரத்தே கிடையாது. நான் சுண்ணாம்புக் கோடு போட்டு டேப் கொண்டுவருகிறேன். வேகத்தை போனில் ஜிபிஎஸ் வைத்துப் பார்ப்போம். வண்டி மீட்டர் 60 காட்டும்போது உண்மையான வேகம் 55தான் இருக்கும். அந்த 55இல் 40 அடி என்றால் புவியீர்ப்பில் 0.98 மடங்குதான், கிட்டத்தட்ட சாத்தியம்தான், பந்தய டயர் இருந்தால்.

பழைய கிளட்ச்:
அப்படிப் போடு! சாத்தியம் என்று உன் வாயாலேயே வந்துவிட்டது. எல்லோரும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
55இல் என்றேன். 60இல் என்று சொன்னது நீங்கள். வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம்.

பழைய கிளட்ச்:
இந்த ஞாயிறு கார்புரேட்டர் பிரித்துப் போட்டிருக்கிறேன். அடுத்த வாரம் கல்யாணம். மழைக்காலம் முடியட்டும்.

சாம்பார் சாதம்:
மழையில் 40 அடி கிடையாதா அண்ணே?

பழைய கிளட்ச்:
மழையிலும் நிற்கும். என் வண்டியை எதற்கு நனைக்க வேண்டும்? அவன் டேப்பையும் நான் நம்ப மாட்டேன். எங்கள் தெருவுக்கு வரட்டும், முன்பு அளந்த மாதிரியே என் காலால் அளந்து காட்டுகிறேன். செருப்பு சைஸ் எட்டு. போதுமா?

கணக்குப்பிள்ளை:
நடத்துநர் ஐயா, செருப்பை எடுத்தது நான் இல்லை, கவனிக்கவும். சைஸ் எட்டு என்றால் செருப்பு 27 சென்டிமீட்டர் வருமா? 40 செருப்பு 10.8 மீட்டர். அப்படியானால் 40 அடிகூட இல்லை, 35 அடி! இப்போது புவியீர்ப்பைப்போல் 1.3 மடங்கு வேண்டும். அண்ணன் ஒவ்வொரு தடவை வாயைத் திறக்கும்போதும் வண்டி இன்னும் சீக்கிரம் நிற்கிறது.

செவ்வந்தி:
எட்டு வைத்தா, குதிகால் வைத்தா என்று நான் அன்றைக்கே கேட்டேன்.

பழைய கிளட்ச்:
35 அடியா? பார்த்தாயா, நான் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.